முகாம் இருந்த இடத்தில் ஒரு குடியிருப்பு



ஜெர்மனியின் தென்மேற்கில், பிளாக் ஃபாரஸ்ட் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் நகரம் ஃப்ரைபுர்க். அதன் தெற்கு ஓரத்தில் 1930களில் ஜெர்மன் ராணுவம் ஒரு முகாம் கட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை அங்கே தங்கி, முகாமுக்கு வோபான் என்று பெயர் வைத்தது. 1992இல் அந்தப் படை வெளியேறியது. நகராட்சியின் கைக்கு வந்த அந்த நிலத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களை எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கவில்லை. முகாமின் பத்துக் கட்டடங்களைத் தக்கவைத்தார்கள். ஆறு மாணவர் விடுதிகளாயின. நான்கைக் குறைந்த வாடகை வீடுகளாக ஒரு குழுவினர் தாங்களே உழைத்துச் சீரமைத்தார்கள். ஓங்கி வளர்ந்திருந்த மரங்கள் பலவற்றையும் வெட்டாமல் விட்டார்கள். தெருவோரப் பள்ளங்களில் மழைநீர் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது.

மனை விற்ற முறையும் வேறு. பெரிய கட்டுமான நிறுவனங்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாமல், சிறு சிறு மனைகளாகப் பிரித்தார்கள். பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தாங்களே ஒரு கட்டிடக் கலைஞரை அமர்த்தி, தங்கள் அடுக்குமாடியைக் கட்டிக்கொண்டன. வரைபடம் உருவாகும்போதே குடிமக்கள் சங்கம் ஒன்று நகராட்சியோடு உட்கார்ந்து பேசியது. பக்கத்து வீட்டாரோடு பழக்கம் அஸ்திவாரம் போடும் முன்பே ஏற்பட்டுவிட்டது.

குடியிருப்பைத் திட்டமிட்டவர்கள் எடுத்த துணிச்சலான முடிவு கார்களைப் பற்றியது. பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்த இடமே கிடையாது. சாமான் இறக்கலாம், நோயாளியை ஏற்றலாம். பிறகு வண்டியைக் குடியிருப்பின் ஓரத்திலுள்ள பல மாடி நிறுத்தகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அங்கே இடம் வேண்டுமென்றால் கார் வைத்திருப்பவரே பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறுத்துமிடம் வேண்டும் என்றது மாநிலச் சட்டம். அதற்கும் வழி கண்டார்கள். கார் இல்லாத குடும்பங்கள் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு சிறு தொகை செலுத்துகின்றன. என்றாவது தேவைப்பட்டால் நிறுத்தகம் கட்டுவதற்கென்று ஒரு நிலம் அந்தப் பணத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அது வெறும் திறந்தவெளி.

காரை விடச் சொன்னால் மாற்று வேண்டுமே! டிராம் பாதைக்கு முதலிலிருந்தே இடம் விட்டுவைத்தார்கள். 2006இல் டிராம் வந்தது. புல் வளர்ந்த தண்டவாளத்தில் அது குடியிருப்பின் நடுவே ஓடுகிறது. கடையும் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

மூடிய ஆலையோ, காலி செய்த முகாமோ, பழைய ரயில்வே யார்டோ எந்த நகரத்துக்குக் கிடைத்தாலும், ஏலம் விடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அங்கே காப்பாற்ற வேண்டியவை எவை? மக்கள் எதில் வந்து போவார்கள்? குடிவரப்போகிறவர்கள் திட்டமிடும் மேசையில் இருக்கிறார்களா? மனைகளை விற்று முடித்த பிறகு இவற்றைக் கேட்டுப் பயனில்லை.