சர்க்கரையை விட்டவர்களும் சாமையைக் குத்தியவர்களும்



துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் போனால் கொல்லிமலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை வரும். மலைமேல் ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு, காட்டுக்குள்ளும் பாறைகளுக்கு நடுவிலும் இறங்கி வந்து இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறார்கள். குளித்துக் கரையேறியதும் எல்லாருக்கும் நல்ல பசி. பலா காய்க்கும் காலத்தில் மலைப் பலாவின் சுளை ஒரு பக்கம் விற்கும். சிப்ஸ் பொட்டலமும் குளிர்பானமும் இன்னொரு பக்கம் விற்கும். கூட்டம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டாம். பாறை இடுக்கில் கிடக்கிற காலி உறைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது பக்கத்தை அடியோடு விட்டுவிடுவது என்று இப்போது சிலர் விரதம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரை இல்லை, மைதா இல்லை, பாக்கெட்டில் வருகிற எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை இலையோரம் ஒதுக்கி வைக்கிறவரை, டீக்கடையில் "சர்க்கரை போடாம ஒண்ணு" என்கிறவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை நீங்களே அவராகவும் இருக்கலாம். இந்தப் பழக்கத்தின் தரம் என்ன, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைத்தான் இன்று எடை போட்டுப் பார்க்கப் போகிறோம்.

விரதத்துக்குக் காரணம் இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. உணவில் நாம் தனியாகச் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். கால் லிட்டர் கோலாவிலேயே அந்த அளவு சர்க்கரை இருக்கிறது. புளியஞ்சோலைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டு ஒரு பாட்டில் குடித்தால் அன்றைய கணக்கு அத்துடன் தீர்ந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போய்க் குடிக்கிற டீயெல்லாம் கடன்தான்.

சர்க்கரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்த உணவும் இரண்டு வாரம் இயல்பான பொருள்களைச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒரே அளவு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆலை உணவு சாப்பிட்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. சத்துக் கணக்கு சமமாக இருந்தும் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போவதற்குள் கை இன்னொரு வாய் எடுத்துவிடுகிறது போலிருக்கிறது. மென்மையாக, விரைவாக, மெல்லவே வேண்டாதபடி செய்து தருகிற உணவின் சாமர்த்தியம் அது.

ஆகவே விரதத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைப்பிடிக்கிற விதத்தில்தான் கோணல்.

முதல் கோணல் வெல்லம். "நான் சர்க்கரையை விட்டுவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர் வீட்டு அடுக்களையில் நாட்டுச்சர்க்கரை டப்பா, கருப்பட்டி, மலைத்தேன் என்று மூன்று இருக்கும். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், கூடவே கொஞ்சம் தாது உப்புகள். அந்த உப்புகளை நம்பிச் சாப்பிட வேண்டுமென்றால் நாளுக்கு எத்தனை அச்சு வெல்லம் தின்ன வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும்கூடக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்தது. முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை. பலாச்சுளையை மென்று தின்பவருக்கு அங்கே மன்னிப்பு உண்டு, அதையே ஜூஸாக்கிக் குடிப்பவருக்கு இல்லை.

கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. இனிப்பு நமக்கு அத்தனை பழைய உறவு. கொல்லிமலை இருக்கிற நாமக்கல் மாவட்டத்துக்குள்ளேயே மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறார்கள். ஒரே காவிரித் தண்ணீர், ஒரே கரும்பு. ஒன்றை நஞ்சு என்றும் மற்றொன்றை மருந்து என்றும் சொல்வது பக்தியே தவிர உணவறிவு இல்லை. பொன் நிறத்தில் பளிச்சென்று இருக்கிற வெல்லத்துக்கு அந்த நிறம் ரசாயனத்தால் வந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மங்கலும் கறுப்புமாக இருப்பதே நல்ல வெல்லம். அதையும் பொங்கலுக்கும் அதிரசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், காலைக் காப்பிக்கு வேண்டாம்.

இனி மலைக்குப் போவோம். இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்தது மலைமேல்தான் இருக்கிறது.

கொல்லிமலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு விதைத்தார்கள். சரிவு நிலம், மழையை நம்பிய வெள்ளாமை. உரமோ பூச்சிமருந்தோ கேட்காத பயிர்கள். நகரத்தில் இன்று விரதம் எடுக்கிறவர் தேடித் தேடி விலை கொடுத்து வாங்குகிற சாப்பாடு அவர்களுக்கு அன்றாடச் சோறாக இருந்தது. பிறகு குச்சிக்கிழங்கு வந்தது, நாம் மரவள்ளி என்று சொல்கிறோமே, அதுதான். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது, வியாபாரி மலைக்கே வந்து பணம் கொடுத்தார். சாமைக் காடுகள் பலவும் கிழங்குக் காடாயின. ரேஷன் அரிசி வந்தது. 2011இலிருந்து அது விலையில்லாமலும் வந்தது. பசியைப் போக்கிய அரிசி அது, அதைப் பழிக்க எனக்கு நா எழாது. ஆனால் தட்டில் வெள்ளைச் சோறு ஏறியதும் சாமைச் சோறு இறங்கியது.

அந்தக் கிழங்கு ஆலையில் என்ன ஆகிறது தெரியுமா? தோலைச் சீவி, அரைத்து, பாலைப் பிழிந்து, படிய வைத்து, மாவை மட்டும் எடுக்கிறார்கள். அந்த மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனமாகப் போகிறது. நார் முழுக்க மாட்டுக்கு, வெறும் மாவு மனிதனுக்கு! அரிசி ஆலையிலும் இதே பங்கீடுதான் நடக்கிறது, தவிடு அங்கே போகிறது, வெள்ளரிசி இங்கே வருகிறது. மாவுச்சத்திலிருந்துதான் பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் ஊற்றுகிற லிக்விட் குளுக்கோஸும் எடுக்கிறார்கள். கிழங்கை வேகவைத்து, பச்சைமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டால் அது நல்ல சாப்பாடு. அதே கிழங்கு ஆலைக்குள் போய்த் திரும்பினால் வேறு பொருள். நாம் விட வேண்டியது எது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மலை மக்கள் சாமையைக் கைவிட்டதற்குப் பணமும் ரேஷனும் மட்டும் காரணமில்லை. நகரத்து விரதக்காரர் காதில் விழ வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சாமைக்கு மேலே கெட்டியான உமி. உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், கல் அரித்து எடுக்க வேண்டும். இத்தனையும் ஒரு வேளைச் சோற்றுக்கு. அந்த உலக்கையைப் பிடித்தது யார்? காட்டிலும் வேலை பார்த்து, விறகும் தண்ணீரும் சுமந்து வந்த பெண். ஒரு நாள் வெள்ளரிசி வீட்டுக்கு வந்து, உலையில் போட்டால் போதும் என்று ஆனபோது, அவள் பெருமூச்சு விட்டிருப்பாள். அந்தப் பெருமூச்சைக் கணக்கில் எடுக்காமல் பாட்டி காலத்துச் சாப்பாட்டின் மகிமையைப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அநேகமாக அவர்கள் யாரும் அந்த உலக்கையைத் தூக்கியவர்கள் இல்லை.

கைக்குத்தலை அன்றே ஆதரித்துப் பேசிய ஒருவரும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். ஆலை அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, ஆலைச் சர்க்கரைக்குப் பதில் பனைவெல்லம் என்று எழுதியும் பேசியும் வந்தார். இன்றைய விரதத்தின் தமிழ் முன்னோடி என்று அவரைத்தான் சொல்வேன். ஒரு தனி மனிதன் தன் நாவை அடக்கும் விஷயமாக அவர் இதைப் பார்க்கவில்லை. தவிட்டோடு சத்தும், குத்துகிற வேலையோடு கூலியும் கிராமத்தை விட்டுப் போகின்றன என்பதே அவருடைய கவலை. கூலி கிடைக்கிற குத்தல் வேறு, வீட்டுக்குள் கூலியில்லாமல் குத்துவது வேறு. அந்த இரண்டாவதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் சாமை திரும்பி வராது.

கொல்லிமலையில் அந்த வழியைத் தேடினார்கள். வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 1990களிலிருந்து மலைமேல் சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியது. விதைகளைச் சேகரித்தார்கள், விதை வங்கிகள் வைத்தார்கள். அதெல்லாம் நல்லதுதான். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, உமி நீக்குகிற சிறிய இயந்திரங்களை மலைக் கிராமங்களில் வைத்து, அவற்றைச் சுய உதவிக் குழுக்களின் கையில் ஒப்படைத்தது. தானியம் ஆலை தேடிச் சமவெளிக்கு இறங்க வேண்டாம், உலக்கையும் வேண்டாம். இயந்திரம் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்பதில்லை. அதை யார் நடத்துகிறார்கள், தானியத்தில் எதை விட்டுவைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி இரண்டாவது கோணல், சிறுதானியப் பொட்டலம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதையொட்டி வந்த அலையில் கடைகளில் தினை பிஸ்கட், கேழ்வரகு குக்கீஸ், சிறுதானிய நூடுல்ஸ் என்று அடுக்கிவிட்டார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும்படி பொருள்களை அச்சிட வேண்டும் என்பது சட்டம். மைதா முதலில், சர்க்கரை அடுத்து, பாமாயில் அதற்கடுத்து என்று போய், தினை கடைசியில் எங்கோ தலைகாட்டினால் அது தினை பிஸ்கட் அல்ல, மைதா பிஸ்கட். சாமை அரிசியும் பளபளவென்று வெளுத்திருந்தால் தவிடு போய்விட்டது என்று பொருள், கொஞ்சம் பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேழ்வரகுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குச் சாமைபோலக் குத்தி எடுக்க வேண்டிய கெட்டி உமி கிடையாது, அப்படியே அரைக்கலாம், சத்து முழுக்க மாவிலேயே இருக்கும். சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறுதானியமும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த கூழைச் செம்பு செம்பாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆக, என் தீர்ப்பு இது. பாக்கெட் உணவையும் குளிர்பானத்தையும் விடுவது நூற்றுக்கு நூறு சரி. டீயில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதும் சரி, நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். வெல்லத்துக்கு மாறிவிட்டு விரதம் என்று சொல்வது வீண். பண்டிகை இனிப்பை மறுத்து வீட்டில் மனஸ்தாபம் உண்டாக்குவது தேவையற்ற வீரம். ஒரு அதிரசத்தில் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள், தினமும் மாலை நாலு பிஸ்கட்டில் கெட்டுப்போவார்கள்.

அப்புறம், இந்த விரதத்தை எடுக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். "இனிமேல் எனக்குப் பாக்கெட் சாமான் வேண்டாம்" என்று நீங்கள் அறிவிப்பது ஒரு வரி. அந்த வரிக்காகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து மாவு அரைப்பது, காய் நறுக்குவது, சுண்டலுக்கு முந்தின இரவே பயறு ஊறப்போடுவது எல்லாம் வேறொருவர் தலையில் விழக் கூடாது. முடிவு உங்களுடையது என்றால் அருவாமணையும் உங்களுடையதாக இருக்கட்டும். சமைக்கத் தெரியாது என்றால் சாமைச் சோற்றில் ஆரம்பியுங்கள். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கொஞ்சம் ஊற வைத்தால் போதும், அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.