இன்ஜின் ஓடும், அடிச்சட்டம் தாங்குமா?

காலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவர், பாசார் மாலாமில் கடை போடுபவர், செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுப்பவர் எனப் பலரும் முதலில் தேடுவது இருபது ஆண்டுகள் ஓடிய ஜப்பானியப் பிக்கப்பைத்தான். இருக்கிற சேமிப்பு முழுவதும் அதில் போய்விடுகிறது. "ஜப்பான் இன்ஜின், சாகாது" என்ற பேச்சை நம்பியே பணம் கைமாறுகிறது. அந்தப் பேச்சு எந்த அளவுக்கு உண்மை?

இன்ஜினைப் பொறுத்தவரை பெருமளவு உண்மைதான். 2003இல் பிரிட்டனின் 'டாப் கியர்' நிகழ்ச்சியினர் 1988ஆம் ஆண்டு டீசல் ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினார்கள். ஏற்கெனவே 3 இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி அது. அதைக் கடலில் மூழ்கடித்தார்கள், தீ வைத்தார்கள், கடைசியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிவிட்டு, கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதிய பாகம் எதுவும் மாற்றாமல், சாதாரணக் கருவிகளைக் கொண்டே மெக்கானிக் அதை மறுபடியும் ஓட வைத்தார். தொலைக்காட்சிக்காரர்களின் வேடிக்கை என்று இதை ஒதுக்கலாம். ஆனால் அந்தக் கால டீசல் இன்ஜினில் கணினி கிடையாது, பம்ப் இயந்திர முறையில் வேலை செய்தது என்பதை மறக்கக்கூடாது. சிறிய பட்டறையில்கூட அதைப் பிரித்துப் பூட்ட முடியும். நீண்ட ஆயுளின் இரகசியத்தில் பாதி அதுதான்.

மறுபாதி உரிமையாளர் கையில் இருக்கிறது. அந்த வகை டீசல் ஹைலக்ஸ்களில் டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். எந்தப் பெயர் பெற்ற இன்ஜினும் அப்போது தப்பாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம்தான் அது. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையிலான டொயோட்டா டக்கோமா பிக்கப்புகளின் அடிச்சட்டங்கள் துருவால் அரிக்கப்பட்டன. 2008இல் அந்நிறுவனம் அவற்றுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பின்னர் வந்த வண்டிகள் தொடர்பான வழக்கில், 2016இல் 340 கோடி அமெரிக்க டாலர் வரை மதிக்கப்பட்ட உடன்பாட்டுக்கும் இணங்கியது. இன்ஜின் நன்றாக இருக்கும்போதே வண்டி முதுகெலும்பு முறிந்து நிற்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அங்கே பனிக்காலச் சாலை உப்பு துருவை வளர்த்தது. இங்கே பனி இல்லைதான். கடற்காற்று, வெள்ளம், தோட்டத்துச் சேறு எல்லாம் உண்டு. அடிச்சட்டம் பெட்டி போன்ற குழாய் வடிவில் இருப்பதால் சேறும் ஈரமும் உள்ளே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே அடித்த கறுப்புச் சாயம் மட்டும் பளபளக்கும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும்! கீழே குனிந்து, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் பொருந்தும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும், சில சமயம் பொத்தலே விழும். இன்ஜினைக் காலையில், குளிர்ந்த நிலையில் முடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.