எந்த எண்ணை நம்புவது?

(திருவனந்தபுரத்தில் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். வருஷக்கணக்கில் சர்க்குலர்களைப் படித்த பழக்கத்தில், டாக்டர்களுக்கென்று வெளிவரும் சிகிச்சை வழிகாட்டுதல்களையும் படித்து வருகிறேன். இரண்டும் ஒரே ஜாதிதான். எந்த வருஷத்தியது, யாருக்குப் பொருந்தும் என்று பார்க்காமல் படித்தால் அனர்த்தம்.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, 60 வயதானவர்களுக்கு 150/90-ஐத் தொட்டால் மருந்து ஆரம்பித்தால் போதும் என்றது. 2017-ல் அங்குள்ள இருதய சங்கங்கள் 130/80-லேயே வியாதி என்றன. ராத்திரி ஆரோக்கியமாகப் படுத்த லட்சக்கணக்கான பேர் காலையில் நோயாளிகளாக எழுந்தார்கள்! 2020-ல் சர்வதேச ரத்த அழுத்த சங்கம் 140/90 என்றது. 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் மருந்து தொடங்க அதே 140/90-ஐச் சொல்லி, இருதய நோய், சர்க்கரை போன்றவை உள்ளவர்களுக்கு மட்டும் 130-லேயே தொடங்கலாம் என்றது.

"இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே, ஓய்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2015-ல் வெளியான 'ஸ்பிரிண்ட்' என்ற அமெரிக்க ஆய்வில் 9,361 பேர் பங்கேற்றார்கள். மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் இருதயக் கோளாறும் மரணமும் குறைந்தன. ஆனால் அழுத்தம் மிகவும் இறங்குவதும் மயக்கமும் கூடின. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. நின்றபடி எடுத்த அளவு 110-க்குக் கீழே இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்த ஆய்வுக்குள் நுழைந்திருப்போம்?

நமக்கு முக்கியமானது இந்த நின்று எடுக்கும் அளவுதான். எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20-ஓ, கீழ் அளவு 10-ஓ இறங்கினால் அதைக் கவனித்தாக வேண்டும். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுவதற்கு இது ஒரு காரணம். கரமனையிலும் வலியசாலையிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தம்பதி மட்டும் இருக்கும் அக்ரஹாரத்து வீடுகளில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் உட்கார வைத்து மட்டும் பார்த்தால், "நின்றும் ஒரு தடவை பாருங்கள்" என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் விதி உண்டு. அரை மணி முன்னதாக காபி கூடாது (இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்). ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார வேண்டும், சம்மணம் கூடாது. கை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். இப்படி இல்லாமல் எடுத்த எண்ணுக்காக மாத்திரையைக் கூட்டுவது, கோணல் தராசில் தங்கம் வாங்குகிற மாதிரி.

நம் தேசத்திலும் வேலை நடக்கிறது. 2017-ல் ஆரம்பித்த இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதல் ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. எந்த மருந்து, எவ்வளவு, குறையாவிட்டால் அடுத்தது என்ன என்று ஒரே தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுத்தார்கள். 2022-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. விலையுயர்ந்த மருந்தே சிறந்த மருந்து என்று நினைக்கும் நம்மவர்கள் அந்தத் தாளை ஒரு முறை பார்க்கலாம்.

கடைசியாக ஆஸ்பிரின். "ரத்தம் நீர்த்துப்போகட்டும்" என்று தாமாகவே தினமும் ஒன்று போட்டுக்கொள்பவர்கள் இங்கேயே இருப்பீர்கள். 2018-ல் வந்த 'ஆஸ்பிரீ' ஆய்வில், இருதய நோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் இதனால் பெரிய பலன் தெரியவில்லை. ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2022-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, 60 வயதுக்கு மேல் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரினைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றது. ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் என் பேச்சைக் கேட்டு இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.