டீசல் புகையில் மறைந்த நஞ்சு



டீசல் எஞ்சினுள் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. எண்ணெய் எவ்வளவு தூயதாயினும் இவை பிறந்தே தீரும். மூச்சுக்குழலை வருத்தும் இவ்வாயுக்கள், தில்லி போன்ற வட நகரங்களில் நம்மவர் நன்கறிந்த குளிர்கால மாசில் நுண்துகள்களாகவும் உருமாறுகின்றன.

இதற்கு மாற்று, யூரியா. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த தூய நீரைச் சூடான புகையில் தெளித்தால், யூரியா அம்மோனியாவாகிறது. வினையூக்கியின் துணையால் அந்த அம்மோனியா, நச்சு வாயுக்களை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நாடெங்கும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதி, கனரக எஞ்சின்களுக்கான வரம்பைக் கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து ஏறத்தாழ 0.4 கிராமாகக் குறைத்தது. லாரிகளிலும் பேருந்துகளிலும் யூரியாத் தொட்டி பரவலானது இதனாலேயே.

சட்டம் வரம்பு விதிக்கலாம். தொட்டியை நிரப்ப வேண்டியவர் வண்டிக்காரரே. சில ரூபாயை மிச்சப்படுத்த வெறும் நீரை ஊற்றினாலும், உணர்கருவியை ஏமாற்றினாலும், புகை கரிய நிறமின்றியே வெளிவரும், நஞ்சோ குறையாது. அதனைச் சுவாசிப்பவர் சாலையோரத்தில் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் குழந்தைகள். வண்டி உடையோர் இதனை மறத்தலாகாது.