பங்கு என்ற ஒரு சொல்

(யூபிலி விழா இளைஞர் அரங்கில், தொடர்பியல் பயிலும் மாணவர் சார்பில் ஆற்றிய உரை)

 

படிப்பு, வேலை, வணிகச் செய்தி ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளார்கள். தொடர்பியல் படிக்கிறோம் என்று ஊரில் சொன்னால், "அப்படின்னா டிவியில வருவியா?" என்று கேட்போர் ஒரு சாரார். "அதப் படிச்சா என்ன உத்தியோகம்ல கிடைக்கும்?" என்று கேட்போர் மறு சாரார். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அப்பளம் இட்டும், பீடி சுற்றியும், தறி நெய்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் வேறு எதைக் கேட்பார்கள்? பத்திரிகை, தொலைக்காட்சி, விளம்பரத் துறை, நிறுவனங்களுக்காக எழுதித் தரும் வேலை என்று வழிகள் பல உண்டு. நல்ல சம்பளம் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் இருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். ஒரு வாரத்து நாளிதழ்களின் வணிகப் பக்கங்களை வெட்டி ஒட்டி, அவற்றில் பேசுகிறவர் யார், பேசப்படுகிறவர் யார் என்று கோடிட்டுக் காட்ட வேண்டும். நிறுவனத் தலைவர் பேசுகிறார், அமைச்சர் பேசுகிறார், பங்குத் தரகர் பேசுகிறார். தொழிலாளி மட்டும் வாய் திறப்பதில்லை. இத்தனை பேருக்கு வேலை, இத்தனை பேர் நீக்கம் என்று அவர் எண்ணிக்கையாக வந்து போகிறார். கோடிட்டு முடித்தபோது எங்களுக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. நம் ஊரில் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தள்ளிவிடுகிறோம். பணக்காரர் சமாசாரம் என்று எண்ணுகிறோம். உண்மையில் நம் அடுப்படி வரை வரும் சமாசாரம் அது.

தமிழில் பங்கு என்ற சொல்லைப் பாருங்கள். நாம் பங்கு மக்கள். நமக்குப் பங்குத்தந்தை உண்டு. வணிகப் பக்கத்திலும் பங்கு உண்டு. அது பங்குச் சந்தையில் விலை போவது. ஒரே சொல் கோயிலுக்கும் சந்தைக்கும் பொதுவாக இருப்பது தற்செயல்தான். ஆயினும் நம் மாவட்டத்து வரலாற்றில் ஒருமுறை இரண்டு பொருளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 1906-ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கின் விலை 25 ரூபாய் என்று வகுத்தார். 40,000 பங்குகள்! நாட்டுக்கென்று ஒரு கப்பல் ஓட வேண்டும் என்பதற்காக மக்கள் வாங்கிய பங்குகள் அவை. எதிரியான ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று; ஏறுகிறவருக்குக் குடையும் இனாமாகத் தந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே வ.உ.சி. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். நம் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை நடத்திய ஹார்வி கம்பெனியாருடையதே அந்த மில்லும். கூலி உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கேட்டுப் பெற்றார்கள். பூசைக்குப் போக ஞாயிறு ஓய்வு வேண்டுமென்று நாம் எண்ணுவோம். அதைப் போராடிப் பெற்றுத் தந்தவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல் பிள்ளைவாள். இதைப் பங்கு மலரில் ஒருமுறையாவது எழுதி வைப்பது நம் கடமை.

இனி எங்கள் மனத்தை மிகவும் வருத்திய செய்திக்கு வருகிறோம். மணிமுத்தாறு அணையைக் கடந்து மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. 1863-இல் தோன்றிய பழைய கம்பெனி அது. பர்மாவில் தேக்கு வெட்டிய விவகாரத்தில் பர்மிய மன்னர் அதற்கு அபராதம் விதிக்க, அதையே காரணம் காட்டி 1885-இல் ஆங்கிலேயர் படையெடுத்து அந்த அரசையே எடுத்துக்கொண்டனர். இன்று பிரிட்டானியா பிஸ்கட் நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அதன் துணை நிறுவனங்களின் கையில் உள்ளன. வணிகப் பக்கத்தில் இந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் பிஸ்கட்டின் லாபக் கணக்குத்தான் கிடைக்கும்.

மலைமேல் இருந்தவர்களின் கணக்கு வேறு. நான்கு தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளியது. மழை என்றால் சாதாரண மழையன்று. நம் மாநிலத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் அடங்கும். அட்டைக்கடியும் குளிரும் பொறுத்து, கூடையைத் தலையில் மாட்டி நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1999-இல் கூலி உயர்வுக்காகப் போராடிய தோட்டத் தொழிலாளர் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரி, ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. போலீஸ் தடியடியில் மக்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டனர். 17 பேர் மாண்டனர். பெண்களும் ஒரு குழந்தையும் அவர்களில் உண்டு. நாம் நாள்தோறும் குளிக்கும் ஆறுதான் அது.

2028-இல் முடிய வேண்டிய குத்தகை. அதற்கு முன்பே கம்பெனி தோட்டத்தை மூட முடிவு செய்தது. 2024 ஜூன் மாதத்தோடு வேலை நின்றது. 500-க்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு "விருப்ப ஓய்வு" என்று செய்தி வெளியாயிற்று. தொடர்பியல் மாணவராகிய நாங்கள் இந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டோம். யாருடைய விருப்பம்? தோட்டமே மூடப்படும்போது தொழிலாளி விரும்புவதற்கும் மறுப்பதற்கும் என்ன இருக்கிறது? கம்பெனி தன் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதலாம். அது சட்டச் சொல். செய்தியாளர் அதைத் தம் சொல்லாக எடுத்து எழுதும்போதுதான் பிழை நேர்கிறது. "தோட்டம் மூடப்படுகிறது; வேலை போகிறது" என்று எழுத எத்தனை எழுத்து அதிகம் ஆகிவிடும்?

இன்னொன்றும் செய்தியில் விடுபட்டது. நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் வீடு இருக்கும். வேறு வேலை தேடிக்கொண்டே அதே வீட்டில் சாப்பிடலாம். தோட்டத்தில் அப்படியில்லை. தோட்டத் தொழிலாளருக்குக் குடியிருப்பு தருவது 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. ஆகவே வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். பெற்றோரைப் புதைத்த கல்லறை மலைமேல் தனித்துக் கிடக்கும். "500 பேர் வேலையிழப்பு" என்ற வரியில் இவற்றுள் ஒன்றும் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாங்களும் அரைச் செய்தி சொன்னவர்களாவோம். அந்த மலை களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கிறது. அரசு 2018-இல் அதைக் காப்புக்காடாக அறிவித்தது. அந்தக் காட்டில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. காடு காடாக வேண்டும் என்ற வாதம் நமக்கு எதிரான வாதமன்று. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டுமென்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் காட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கான முழு விலையையும் கொழுந்து கிள்ளியவர்களே ஏன் செலுத்த வேண்டும்? 95 ஆண்டு லாபம் எடுத்தவர்கள் எவ்வளவு செலுத்தினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வணிகச் செய்தியாளரின் வேலை. வேறு யாருக்கும் கம்பெனிக் கணக்கைப் படிக்கத் தெரியாதே!

மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்ட உவமை உண்டு. பதினோராம் மணி வேளையிலும் சந்தையில் நிற்பவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். மலையிலிருந்து இறங்கியவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் விடையும் அதுவே. கொழுந்து கிள்ளிய கைக்குச் சமவெளியில் எளிதில் வேலை கிடைப்பதில்லை.

அப்பளத்துக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் ருசி தாமிரபரணித் தண்ணீரால் என்று நாம் பெருமை பேசுகிறோம். தண்ணீர் நம்முடையது, சரி, உளுந்து? நாடு இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து வருகிறது. அந்நாட்டார் உளுந்தை அதிகம் உண்பதுகூட இல்லை, நமக்காகவே விளைவிக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நம் அரசு உளுந்து இறக்குமதிக்கு வரம்பு விதித்தது. 2021 மே மாதம் அதைத் தளர்த்தியது. அதே 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்தி, டெல்லிச் செய்தி என்று ஒதுக்கப்படுபவை. ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் தாமதித்தால் நம் தெருவில் அப்பளம் இடும் அக்காவுக்கு அன்றைக்கு மாவு உருண்டை குறைகிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு மாவு குறைந்தால் கூலியும் குறையும்.

பெரிய எண்களைப் படிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். 2024 ஜனவரியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை அமைக்க ஒப்பந்தம் செய்தபோது 16,000 கோடி ரூபாய் என்பதே தலைப்பாக வந்தது. அது முழுத் திட்டத்தின் உச்ச அளவு. முதற்கட்டமாக ஐந்தாண்டில் போட எண்ணியது அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தி, ஐயமில்லை. வேலை தேடும் தம்பி தங்கைகள் கோடியைக் கண்டு மயங்காமல், எந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், நேரடி வேலையா ஒப்பந்த வேலையா என்று அதே செய்தியில் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செய்தி அவர்களுக்காக எழுதப்படவில்லை என்று பொருள்.

ஏன் எழுதப்படுவதில்லை என்ற கேள்விக்கு விளம்பரம் ஒரு விடை. சிற்றூர்களில் பகுதிநேர நிருபராக இருப்பவருக்குச் செய்திக்குக் கிடைக்கும் பணம் சொற்பம். விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் பிழைப்பு. விளம்பரம் தரும் கடையைப் பற்றி அவர் எப்படி உள்ளதை எழுதுவார்? குறை சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் கையிலுள்ள இந்த மலரும் அப்பளக் கடை, ஜவுளிக் கடை விளம்பரங்களால்தான் அச்சேறியது! எல்லைக்கோடு எங்கே என்பதுதான் கேள்வி.

2022 மே 15 அன்று நம் நட்டாலத்துத் தேவசகாயம் புனிதர் பட்டம் பெற்றார். நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தோம். அதே பூசையில், அதே நாளில் புனிதரான இன்னொருவரை நாம் அதிகம் கவனிக்கவில்லை. ஹாலந்து நாட்டுக் கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மா, பத்திரிகையாளர். 1942 ஜனவரியில் கத்தோலிக்கப் பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் சென்று, நாஜிக் கட்சியின் விளம்பரத்தை வெளியிட வேண்டாம் என்ற ஆயர்களின் முடிவை எடுத்துச் சொன்னார். அம்மாதமே கைதானார், ஜூலையில் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார். ஒரு விளம்பரத்துக்காக உயிரா என்று கேட்கலாம். எங்கள் படிப்புக்கு அவர் பாதுகாவலர் என்றே நாங்கள் கொள்கிறோம்.

தொழிலாளர் நிலை பற்றி 1891-இல் சுற்றுமடல் எழுதியவர் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ. சிங்கராயர் என்பார்கள் நம் முன்னோர். அவரை நினைத்தே 2025 மே மாதம் புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ என்ற பெயரை ஏற்றார். இயந்திர அறிவு தொழிலாளரின் வேலையை என்ன செய்யும் என்ற கவலையை அவரே சொன்னார். அக்கவலை எங்களுக்கும் உண்டு. செய்தி எழுதும் வேலையையே இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. பங்குச் சந்தை ஏறியதையும் இறங்கியதையும் அது எழுதட்டும். மலையிறங்கி வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுத ஆள்தான் போக வேண்டும்.

அதற்காக ஒரு சிறு முயற்சி செய்ய எண்ணியுள்ளோம். ஆலய அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசைக்குப் பின் ஒரு தாள் ஒட்டுவோம். உளுந்தின் அந்த வார விலை, அப்பளம், பீடி, தறிக்கான கூலி விவரம், வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகியவை அதில் இருக்கும். மலையிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, வீட்டு ஒதுக்கீடு பற்றிய படிவங்களை நிரப்பித் தரவும் எங்களில் இருவர் பாடற்குழு அறையில் இருப்பார்கள். கூலி விவரம் கொடுப்பவர் பெயரை வெளியிட மாட்டோம். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் தாய்மார்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வோம். முதல் தாள் அடுத்த ஞாயிறு.