காலடியில் அடுப்பு!

தலைப்பு: கூரையில்லாத ஹாட் ராட் காருக்கு வெப்பமும் சத்தமும் தடுக்கும் விரிப்பு தேவையா? தேவையில்லையா?

‘தேவையே’ அணி - இரண்டாவது பேச்சு

நடுவர் அவர்களே, எங்களைக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த ஊர்க் காரைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டீர்கள். மாமியாரா மருமகளா என்று பேசிப் பழகிய வாய் இது! (சிரிப்பு)

டி.வி.யில் பார்க்கிற தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. பழைய காரை வாங்கி, வேண்டாததைக் கழற்றி எறிந்து, எஞ்சினுக்கு முறுக்கேற்றி ஓட்டினால் அது ஹாட் ராட். 1932-ல் ஃபோர்டு கம்பெனி 65 குதிரை சக்தி வி-8 எஞ்சினோடு ஒரு கார் விட்டது. அதிலே கூரையில்லாத ரோட்ஸ்டர் என்றால் இவங்களுக்கு உயிர்.

எதிரணி அண்ணன் கேட்டார்: “கூரையே இல்லாத வீட்டுக்குக் கதவு எதுக்கு? மேலே வெயில் அடிக்குது, கீழே விரிப்பு போட்டு என்ன பிரயோஜனம்?” அண்ணே, வெயில் மேலே, அடுப்பு கீழே! எஞ்சினுக்கும் உங்க முழங்காலுக்கும் நடுவில் ஒரே ஒரு தகடு. சூடான புகைக்குழாய் காலடியிலேயே போகுது. மேலே காற்று வாங்கலாம், கீழே பாதம் வறுபடுதே! (கைதட்டல்)

“அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாத்தையும் கழற்றினாங்களே, விரிப்பா போட்டாங்க?” என்றார். உண்மை. முரோக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகளில் பந்தயம் விட்டார்கள். 1937-ல் அதற்கென்று சங்கமே வைத்தார்கள். ஆனால் ஏரியில் ஒரு ஓட்டம் சில நிமிஷம். நீங்க போறது லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் டியாகோவுக்கு. 120 மைல், இரண்டு மணி நேரம். பக்கத்து சீட்டில் வீட்டுக்காரம்மா!

“சத்தம்தான் அந்தக் காரின் சங்கீதம்” என்றார் எதிரணி அம்மையார். நாங்க தவிலை நிறுத்தச் சொல்லலைம்மா. பக்கத்திலே தடதடக்கிற தகர டப்பாவைத்தான் நிறுத்தச் சொல்றோம்! (பலத்த கைதட்டல்) தளத் தகட்டில் பியூட்டைல் ரப்பர் பட்டையை அங்கங்கே ஒட்டினால் அதிர்வு அடங்கும். எஞ்சின் பாட்டு பாட்டாகவே கேட்கும்.

காற்றின் இரைச்சலை விரிப்பு தடுக்காது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காதடைப்பான் இருக்கு. ஒரு ஓட்டையை அடைக்க முடியலைன்னு எல்லா ஓட்டையையும் திறந்தா விடுவோம்?

இப்போ கணக்குக்கு வர்றேன். வேலை செய்கிறவர்களின் காதுக்கு அமெரிக்க அரசின் நையாஷ் நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. காருக்குள்ளே 91 என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் டியாகோ போய்ச் சேரும்போதே அன்றைய கணக்கு தீர்ந்தது. திரும்பி வரணுமே, நடுவர் அவர்களே!

உள்காதிலே மெல்லிய மயிர்ச்செல்கள் இருக்கு. செத்தால் மறுபடி முளைக்காது. தலைமுடி போனா விக் வைக்கலாம், நடுவர் அவர்களே... உங்களைச் சொல்லலை! (சிரிப்பு) இதுக்கு விக் கிடையாது. கேள்விக்குத் தனி அதிகாரமே எழுதினார் வள்ளுவர். காது போனால் எந்தக் கேள்வி?

மழையில் விரிப்பு ஊறித் தரை துருப்பிடிக்குமாம். சணல் கம்பளம் போட்டால் பிடிக்கும்தான். தண்ணீர் குடிக்காத மூடிய துளை நுரை விரிப்பைப் போடுங்கள். பளபளக்கும் வெப்பத்தடுப்புத் தகடு போட்டால், குழாய்க்கும் அதற்கும், அதற்கும் தளத்துக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் சேர்ந்து சுடும். மொத்த எடை பத்துப் பதினைந்து கிலோ கூடலாம். அதற்குப் பயந்தால், முதலில் நம்ம தொப்பையைக் கழற்ற வேண்டியிருக்கும்! (சிரிப்பு. மணியோசை)

மணி அடித்துவிட்டார், என் காது நல்லா இருக்கு, கேட்டுவிட்டது! நாளைக்குப் பேரன் பின்னாலிருந்து “தாத்தா” என்று கூப்பிடும்போது, முதல் கூப்பாட்டிலேயே திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்காகவாவது விரிப்பு தேவையே, தேவையே என்று தீர்ப்பு சொல்லும்படி நடுவரை வேண்டி அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)