மூட்டைச் சரக்கு
(சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



மலிவு விலைக்கு மொத்தமாய்க் கொண்டு சில்லறையாய் விற்றல் பழைய வாணிக முறையேயாம். திருப்பூர்ப் பின்னலாடைகளுள், ஏற்றுமதிக்கு மிஞ்சியனவும், தையற் பிழை, சாயக் குறை முதலியவற்றாற் கழிக்கப்பட்டனவும் காதர்பேட்டைக் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நம் இளைஞர் சிலர் கடன்பட்டேனும் அவற்றை மூட்டையாய் வாங்க விழைகின்றனர். அவர்பொருட்டு ஒரு கணக்குரைப்பேன்.

ஒருவன் 100 சட்டைகளை 4,000 ரூபாய்க்கு வாங்கி, ஒன்று 60 ரூபாயாக விற்கின்றானென்க. 66 சட்டைகள் விற்றபின்னும் அவன் கையிலுள்ளது 3,960 ரூபாயே. முதல் முற்றும் மீண்டிலது. இலாபமெல்லாம் எஞ்சிய 34 சட்டைகளிலேயே கிடக்கின்றது. அவையோ, வந்தவரெல்லாம் புரட்டிப் பார்த்து ஒதுக்கிய அளவும் நிறமும் உடையன! நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியெனின், திங்கள்தோறும் 80 ரூபாய், அஃதாவது இரண்டு சட்டைகளின் கொள்விலை, கடன் கொடுத்தவனுக்கே போம்.

ஆதலின் மூட்டையைப் பிரித்து, அளவுவாரியாக எண்ணிப் பார்த்தன்றி விலை பேசற்க. பிரிக்க ஒட்டாதவனிடம் வாங்காது மீளுதலே நன்று. கிழிசலை உள்ளே மடித்து விற்பதைத் திறமையென்பாருமுளர். அவர் கடைக்கு இரண்டாமுறை வருவார் யார்? குறையைச் சொல்லியே ஐந்து ரூபாய் குறைத்து விற்கலாமன்றோ? முதற்கண் 20 சட்டைகள் வாங்கி, அவை எத்தனை நாளில் விலைபோயினவென்று குறித்துக்கொண்டு, பின்னர் நூற்றுக்குச் செல்க.